அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கேசட்டுகளும் நான் பட்ட பாடும்

பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் கடைக்கு வீட்டிலிருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறீர்களா? அதற்கு முன் இதை ஒருதரம் படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைக்குக் கொடுத்த வகையில் பதினோராயிரம் ரூபாய் போனது. ஏறக்குறைய ஒரு வருஷத்து விடுமுறை நாட்கள் போயின. இவற்றைக்கூட விட்டுவிடலாம். ஒரு சில கேசட்டுகள் இனி ஓடவே ஓடாது. இந்தக் கடைசி நஷ்டத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் அப்பா அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வாரம் முழுக்க ஓட்டம், ஞாயிறு ஒருநாள்தான் ரேடியோ பக்கத்தில் உட்கார நேரம். ஆரம்பத்தில் டிரான்சிஸ்டருக்கு முன்னால் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். ரேடியோவோடு சேர்ந்து தாளிக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், "கொஞ்சம் சும்மா இருங்கடா" என்று அவர் எங்களை அதட்டுவது எல்லாமே அதில் ஏறியிருக்கிறது. பிறகு துபாயிலிருந்து மாமா, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ரேடியோவிலிருந்து நேரே நாடாவுக்குத்தான். புதுக் கேசட் வாங்கக் காசு ஏது, பழசின் மேலேயே திரும்பத் திரும்பப் பதிவு செய்வார். அட்டையில் தேதி இருக்காது. "ஞாயிறு காலை", "ஞாயிறு மதியம்", அவ்வளவுதான். அவர் போன பிறகு பரணில் இருந்து இறக்கியபோது நாற்பது சொச்சம் கேசட் இருந்தது. கூடவே தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம். ரேடியோ கேட்க லைசென்ஸா என்று என் மகள் சிரித்தாள்.

அந்த நாடாக்களில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், கடைக்காரர் எதைத் தொலைத்தார் என்பது அப்போதுதான் புரியும். நிலையம் திறக்கும் முன் வருகிற அந்த அடையாள இசை, பம்பாயில் அடைக்கலம் புகுந்திருந்த வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டு இசைக்கலைஞர் அமைத்தது. அடுத்து வந்தே மாதரம், மங்கள இசை. 6.55-க்கு சமஸ்கிருதச் செய்தி. 1974-ல் தொடங்கியது அது. "இயம் ஆகாசவாணி, சம்ப்ரதி வார்த்தாஹா ஸ்ரூயந்தாம், ப்ரவாசகஹ பலதேவானந்த சாகரஹ" என்பதை ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாமல் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்போம். 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரல் வந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஞாயிறு என்றால் சிறுவர் நிகழ்ச்சி உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரத்துக்குள் வெட்டிச் சுருக்கி வசனமும் பாட்டுமாகப் போடுவார்கள். படம் பார்க்காதவர்களும் அதைக் கேட்டே கதை சொல்வோம். திருப்பினால் இலங்கை வானொலி, அங்கே பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு. எங்கள் ஊருக்கு அது பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். சாயங்காலம் திருநெல்வேலி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி. அதில் அணைகளின் நீர்மட்டம் சொல்லும்போது அப்பா காதைத் தீட்டிக்கொள்வார். 143 அடி பாபநாசம் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கத்து நடவே. ராத்திரி ஒரு நாடகம், 9.15-க்கு லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை. சிற்றலை என்பதால் குரல் மேலே ஏறும், கரையும், நடுவில் வேறு ஏதோ நாட்டுக்காரன் விசிலடிப்பான். இதில் பாட்டு எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று பாருங்கள். பாதிக்கு மேல் பேச்சுதான்.

சென்னையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஒரு கேசட்டுக்கு 250 ரூபாய், மொத்தமாகக் கொடுத்தால் பென் டிரைவ் இலவசம் என்றார்கள். ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "ஒரே வாரம் சார், புதுசு மாதிரி பண்ணித் தரேன்" என்றார். ஒரு வாரம் ஒரு மாதமானது. வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகிப் பார்த்தால் கிட்டத்தட்ட அத்தனையும் சினிமாப் பாட்டு. பாட்டுக்கு ஒரு எம்.பி.3 ஃபைல், ஒவ்வொன்றுக்கும் படத்தின் பெயர் வேறு தேடிப் போட்டிருந்தார்கள். சமஸ்கிருதச் செய்தி இல்லை, அணை நீர்மட்டம் இல்லை, தமிழோசை இல்லை. போன் செய்தால், "பேச்சையெல்லாம் எடுத்துட்டேன் சார், நடுவுல நடுவுல யாரோ பேசிட்டே இருந்தாங்க. இப்ப சுத்தமா இருக்கு பாருங்க" என்றார், பெருமையாக. எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பாட்டுகள் எல்லாமே இன்றைக்கு இரண்டு தட்டு தட்டினால் செல்போனில் வந்துவிடும், இதைவிடத் தெளிவாக. கிடைக்காதது அந்த நடுவில் பேசியவர்கள்தான். அன்றாட நிகழ்ச்சிகளின் நாடாவை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது வானொலி நிலையங்களில் எங்கும் இருந்த வழக்கம். பெரிய வித்வான் கச்சேரி, தலைவர்களின் உரை போன்றவற்றைத் தேர்ந்தெடுத்துக் காப்பகத்தில் வைப்பார்கள். 1985-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் அணையில் எத்தனை அடி என்று சொன்ன குரலை யார் பாதுகாத்து வைக்கப் போகிறார்கள்? அது எங்கள் வீட்டுக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது.

வெட்டாமல் விட்டிருந்த ஒன்றிரண்டு பேச்சுகளும் உருப்படியாக இல்லை. இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டுக் கசக்கியிருந்தார்கள். அந்த மென்பொருள் பேச்சில்லாத இடத்திலிருந்து கொஞ்சம் இரைச்சலை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒலியை நாடா முழுவதிலிருந்தும் கழிக்கும். ஆனால் நாடாவின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் மனிதக் குரலின் ச, ஸ, ஷ ஒலிகளும் ஒரே அதிர்வெண் பகுதியில்தான் இருக்கின்றன. இரைச்சலோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். மிச்சமிருப்பது தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அப்பா பதிவு செய்ததில் 1986 செப்டம்பர் 21, ஞாயிறு, சேப்பாக்கம் டெஸ்டின் நான்காம் நாள் வர்ணனை கொஞ்சம் இருந்தது. மறுநாள் இரு அணிகளின் ரன்களும் சமமாகி "டை"யில் முடிந்த அதே ஆட்டம். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. கபில்தேவ் சதம் அடித்த அந்தப் பகுதியில் கூட்டத்தின் இரைச்சல் மொத்தத்தையும் மென்பொருள் தின்றுவிட்டிருந்தது. வர்ணனையாளர் ஆளில்லாத மைதானத்தில் நின்று கத்துகிறார்.

ஆகவே கடைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் உங்களுக்கு முக்கியமில்லாத ஒரே ஒரு கேசட்டைக் கொடுங்கள். பேச்சோ, இடைவெளியோ, கரகரப்போ எதையும் வெட்டக்கூடாது, ஒரு பக்கத்துக்கு ஒரே ஃபைல், ஒலியைச் சுருக்காத WAV வடிவில் வேண்டும், சுருக்கிய எம்.பி.3 மட்டும்தான் தருவேன் என்றால் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். இரைச்சல் நீக்கம் கூடவே கூடாது, தேவையென்றால் பின்னால் நகலில் செய்துகொள்ளலாம். எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்றும் கேளுங்கள். 90 நிமிடக் கேசட் என்றால் 90 நிமிடம் ஓடியாக வேண்டும். அரைமணியில் முடித்துவிடுவேன் என்பவரிடமிருந்து கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கொடுப்பதற்கு முன் கேசட்டின் பின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அது இருந்தால் யாராவது கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழிந்துவிடும். எங்கள் கேசட்டுகளில் ஒன்றின் நடுவே சில நொடி மௌனம் இருக்கிறது, அது எப்போது வந்தது என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

சரி, கடையிலிருந்து திரும்பி வந்த கேசட்டுகளை வைத்து நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாக்மேன் மாதிரி ஒரு கருவி, கேசட்டைப் போட்டு யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் செருக வேண்டியதுதான் என்றது விளம்பரம். சுத்த தண்டம். வேகம் நிலையாக இல்லை, சரோஜ் நாராயணசுவாமியின் குரல் குடித்துவிட்டு வந்து வாசிப்பது போல இழுபட்டது. அந்த ரகத்தை வாங்கவே வாங்காதீர்கள். அதற்குப் பதில் பழைய நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடுங்கள். சென்னை ரிச்சி தெரு பக்கம் பழைய ஆடியோ சாமான் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். டெக்குக்கு 6,500, பெல்ட் மாற்றியதற்கு 700. முப்பது வருஷ டெக்கில் ரப்பர் பெல்ட் பிசின் மாதிரி உருகியிருக்கும், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்திருக்கும். இவை இரண்டையும் பார்க்காமல் எந்தப் பழைய டெக்கிலும் உங்கள் கேசட்டைப் போடாதீர்கள், மென்று துப்பிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காதுக் குச்சியும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால், நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். பழுப்பாக வரும் அழுக்கைப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

கேசட்டுகளையும் எடுத்தவுடன் போடக்கூடாது. வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதைத் தனியாக வையுங்கள், மற்ற கேசட்டுகளை ஓட்டும் டெக்கில் போட்டால் ஹெட் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும், மூச்சில் போனால் உங்களுக்கும் ஆகாது. அடுத்து, ஹெட் தொடும் இடத்தில் நாடாவுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்பளித் துண்டு தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக, விட்டு விட்டு வரும். கடையிலிருந்து திரும்பிய கேசட்டுகள் பலவற்றில் அது இல்லை. இதற்காகவே ஸ்க்ரூ போட்ட காலி கேசட் ஓடுகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, பழைய நாடாவை அதற்கு மாற்றினேன். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய ஓடு என்றால் கத்தி வைத்து மெதுவாகப் பிளக்க வேண்டும். முதல் தடவை கை நடுங்கும். ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, இறுகியிருக்கும் சுருளைத் தளர்த்திய பிறகே பிளே போடுங்கள். 120 நிமிடக் கேசட்டுகளில் நாடா மிக மெல்லிசு, அவற்றை வேகமாக ஓட்டவே வேண்டாம், பென்சிலைச் செருகிக் கையால் சுற்றுங்கள். கடையில் எங்கள் 120 நிமிடக் கேசட்டுகளை வேகமாக ஓட்டி நீட்டியிருக்கிறார்கள். நாடாவின் ஓரம் அலை அலையாக மடங்கிப் போயிருக்கிறது. முன்பு சொன்ன, இனி ஓடாத கேசட்டுகள் அவைதான். அதில் ஒன்றின் அட்டையில் அப்பா கையெழுத்தில் "தென்கச்சி – தகவல்கள்" என்று இருக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் பேசிய "இன்று ஒரு தகவல்" நிகழ்ச்சியை அப்பா எங்கெங்கோ பிடித்துத் தொகுத்திருக்கிறார். கடைசியில் தென்கச்சி சொல்லும் நகைச்சுவைக் கதைக்காகவே எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்.

இந்த வேலையில் யாரும் சொல்லித்தராத, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிப்போடுகிற விஷயம் ஒன்று உண்டு. டெக்கின் ஹெட் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஹெட் நாடாவுக்கு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் லேசாகச் சாய்ந்திருந்தால், நேராக நிற்கும் என் டெக்கில் அந்தக் கேசட் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாகத்தான் கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்த ஒரு கட்டு கேசட்டை மெக்கானிக் வாங்கிப் போட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்க்ரூவை ஒரு துளி திருப்பினார், செய்தியில் ஒவ்வொரு "ச"வும் பளிச்சென்று எழுந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரிச்சி தெரு இரைச்சலில் அவர் கவனிக்கவில்லை. பேச்சுப் பதிவுக்கு இது வசதி. ச, ஸ ஒலிகள் எந்த இடத்தில் அதிகக் கூர்மையாக இருக்கின்றனவோ அதுதான் சரியான இடம். கேசட்டுக்குக் கேசட் மாறும், சில சமயம் பக்கத்துக்குப் பக்கம்கூட மாறும். திருப்புவதற்கு முன் ஸ்க்ரூ இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

டெக்கில் ஒலி வெளியே வரும் துளையான லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக லேப்டாப்பின் மைக் துளையை நம்பாதீர்கள், அது ஒலியை உடைத்துவிடும். லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள், எனக்கு நாலாயிரம் சொச்சம் ஆனது. "ம்ம்ம்" என்று அடியில் ஒரு ரீங்காரம் வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதுவே போதும். உச்ச அளவு -6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் WAV ஆகச் சேமியுங்கள். ஸ்டீரியோவாக ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜி.பி. ஆகும். ஹார்ட் டிஸ்க் விலைக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

வேகம் இன்னொரு தொல்லை. ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிவானதை இப்போது சரியான வேகத்தில் போட்டால் எல்லோரும் கீச்சுக் குரலில் அவசரப்படுவார்கள். செய்திக்கு முன் வரும் "பீப்" ஒலிகள் இதற்குக் கைகொடுத்தன. ஒரு பீப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக ஒரு நொடி. திரையில் அந்த இடைவெளியை அளந்து, எத்தனை சதவீதம் வேகம் கூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டு நகலில் குறைத்தேன். தேதி கண்டுபிடிக்கவும் செய்திதான் வழி. யார் பிரதமர், எந்த ஊரில் என்ன மாநாடு, கிரிக்கெட் ஸ்கோர் என்ன என்று குறித்துக்கொண்டு பழைய செய்தித்தாளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் நாளே கிடைத்துவிடும். 1987-க்குப் பிறகு அப்பாவின் ஞாயிறு காலைப் பதிவுகள் மெலிந்துபோகின்றன. அந்த ஜனவரி 25-லிருந்து ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம். தெருவே டிவி இருந்த வீட்டுக்குள் போய்விட்டது, அப்பாவையும் அம்மா இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அண்ணனுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. "பாட்டு வந்திருச்சுல்ல, விடுடா" என்றான். அவன் மேல் கோபம்தான் வந்தது, ஆனால் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தவன் அந்த அணை நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு, அந்த வருஷம் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணவில்லை என்று தானாகவே பேச ஆரம்பித்தான். அப்பா கடன் வாங்கியது, பாட்டியின் வளையல் போனது, எனக்குத் தெரியாத கதையெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று செய்யுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், அவர்கள் சொல்வதைச் செல்போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றிவிடலாமே என்று பலரும் சொல்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள். ஒலிபரப்பின் மீது நிலையத்துக்கு உள்ள உரிமை நம் சட்டத்தில் 25 ஆண்டுகள்தான், ஆனால் அதற்குள் இருக்கும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். நான் குடும்பத்துக்குள் மட்டும் வைத்திருக்கிறேன். மூன்று நகல், ஒன்று வெளியூரில் அக்கா வீட்டில். கேசட்டுகளையும் தூக்கிப் போடவில்லை. பரணில் வைக்காமல் பீரோவில், ஸ்பீக்கரும் ஸ்டெபிலைசரும் இல்லாத பக்கம், நட்டுக்குத்தலாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும்போதே உங்கள் கேசட்டுகள் ஏதாவது கடையில் இருந்தால் இன்றைக்கே போன் செய்து, வெட்டுவதற்கு முன் எடுத்த முழு ஃபைலை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். நான் கேட்டபோது எங்கள் கடைக்காரர், இடம் இல்லை என்று அந்த வாரமே அழித்துவிட்டதாகச் சொன்னார். ஓடாமல் போன கேசட்டுகள் அதில் முழுதாக இருந்திருக்கும்.